நான் அழித்துக்கொண்டிருந்த சின்ன அம்புக்குறி

சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் லேபிள், அட்டைப்பெட்டி டிசைன் செய்கிறேன். போன வருடம் நாங்கள் அடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் பெட்டி மொத்த லாட்டும் திரும்பி வந்தது. பெட்டி முழுக்க சிவப்பும் வெள்ளையும் என்பதால் பார்கோடையும் அதே சிவப்பில் வைத்திருந்தேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது, என் போனில் காட்டினால் உடனே படிக்கவும் செய்தது, ஆனால் கடை கவுண்டரில் ஒரு பெட்டிகூடப் படிக்கவில்லை. ஏன் என்று பிரஸ்ஸில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. முதலாளி அண்ணாச்சி திட்டவில்லை. "போய் முறையாப் படிச்சிட்டு வா தம்பி" என்று சென்னையில் நடந்த இரண்டு நாள் பார்கோடு பயிற்சிக்குப் பணம் கட்டி அனுப்பினார்.

முதல் மணி நேரத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. கவுண்டர் ஸ்கேனர் பெரும்பாலும் சிவப்பு வெளிச்சத்தில்தான் பார்க்கும். அந்த வெளிச்சத்தில் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதாவது ஸ்கேனரைப் பொறுத்தவரை அங்கே கோடே இல்லை. போன் கேமரா எல்லா நிறத்தையும் பார்ப்பதால் அது ஏமாற்றிவிட்டது.

அப்புறம் கோடுகளுக்குக் கீழே இருக்கும் 13 எண்கள். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அந்த எண்ணை பார்கோடு எண்களைக் கொடுக்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியா கொடுத்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மற்ற எண்கள் சரிதானா என்று சரிபார்க்க வரும் கடைசி எண்ணைக் கையால் கணக்குப் போட்டுப் பழக வேண்டும், தேர்வில் கட்டாயம் வரும். முதல் 12 எண்கள் 890123456789 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் இருப்பதைக் கூட்டினால் 28, இரட்டைப்படை இடங்களின் கூட்டல் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102, இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி எண், இங்கே 0. இதைவிட என்னை அசத்தியது முதல் எண். அந்த 8-க்கு என்று தனியாகக் கோடே கிடையாது! இடது பாதியில் இருக்கும் ஆறு எண்களை இரண்டு விதமாக எழுதலாம், எதை எந்த விதத்தில் எழுதியிருக்கிறது என்ற வரிசையை வைத்து ஸ்கேனரே 8 என்று கண்டுபிடித்துக்கொள்கிறது. யோசித்து வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

மாலையில் மாதிரிகளைக் கொடுத்து எது சரி, எது தவறு என்று எழுதச் சொன்னார்கள். நான் சரி என்று எழுதிய ஒன்று, அச்சின் தரத்தை அளந்து கிரேடு போடும் வெரிஃபையர் கருவியில் எஃப், அதாவது ஃபெயில் வாங்கியது. கோடுகளில் ஒரு குறையும் இல்லை, வலப்பக்கம் விட வேண்டிய வெற்றிடத்தில் எழுத்து வந்து முட்டியிருந்தது. மிக மெல்லிய கோட்டின் அகலம் முழு அளவில் 0.33 மில்லிமீட்டர். இடப்பக்கம் அதைப் போல 11 மடங்கு, வலப்பக்கம் 7 மடங்கு காலியாக இருக்க வேண்டும். இடப்பக்க வெற்றிடத்தை வெளியே நிற்கும் முதல் எண்ணே காப்பாற்றிவிடும். வலப்பக்கம் காப்பாற்றத்தான் எண்களுக்குப் பிறகு அம்பு முனை மாதிரி ஒரு குறி வரும். அதை ஏதோ தப்பாக வந்த எழுத்து என்று நினைத்து நான்கு வருடமாக ஒவ்வொரு ஃபைலிலும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் முகவரியை இழுத்து வைத்திருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

இரண்டாம் நாள் ஜிஎஸ்1-128, அதாவது பொருள் எண்ணோடு தேதி, பேட்ச் எல்லாம் சேர்த்து எழுதும் பார்கோடு வகை, இது கொஞ்சம் கஷ்டம். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அது என்ன என்று சொல்லும் எண் அடைப்புக்குறிக்குள் வரும், 01 என்றால் பொருள் எண், 17 காலாவதித் தேதி, 10 பேட்ச் எண். அடைப்புக்குறி நாம் படிப்பதற்கு மட்டும்தான், கோட்டுக்குள் அது போகக் கூடாது. பேட்ச் எண்ணின் நீளம் மாறும் என்பதால் அதைக் கடைசியில் வையுங்கள், நடுவில் வைத்தால் பிரிப்புக் குறி போட வேண்டும், மறந்தால் அடுத்து வருவதையும் பேட்ச் எண்ணோடு சேர்த்துப் படித்துவிடும். பக்கத்தில் இருந்த புதுச்சேரி மருந்து கம்பெனி அக்கா இதில் கெட்டி. 2023 ஆகஸ்ட்டிலிருந்து 300 மருந்து பிராண்டுகளுக்கு லேபிளில் பார்கோடோ கியூஆரோ கட்டாயமானதால் அவருக்கு இது தினசரி வேலை. அவர் சொல்லிக் கொடுத்துத்தான் எனக்குப் புரிந்தது.

போகிறவர்கள் உங்கள் சொந்த அச்சுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் கொண்டுபோன எட்டில் மூன்றுதான் தேறின. குறைந்தது 1.5, அதாவது சி கிரேடு வர வேண்டும். போனில் படிக்கிறது என்பது கணக்கே இல்லை. வெரிஃபையர் கோட்டின் உயரத்தில் பத்து இடங்களில் பார்த்து, ஒவ்வொன்றிலும் பல அளவுகளைப் பார்த்து எது மோசமோ அதையே அந்த இடத்தின் மதிப்பெண்ணாக எடுத்து, பிறகு சராசரி போடுகிறது.

தேர்வில் தேறிவிட்டேன். மிளகாய்த்தூள் பெட்டியில் இப்போது வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்புக் கோடு. பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து அந்த அம்புக்குறியைத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முப்பது சொச்சம் பாக்கி இருக்கிறது.