ஜூரி விசாரணை உரிமை: அமெரிக்க வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்த விதம்

இந்தியாவில் சட்டம் பயின்றுவிட்டு அமெரிக்க வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு, குற்ற வழக்குகளில் ஜூரி (குடிமக்கள் அடங்கிய நடுவர் குழு) விசாரணை பெறும் உரிமை எளிதில் பிடிபடாத பகுதி. நமது 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 2024-இல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் ஜூரிக்கு இடமில்லை என்பதால், அது இயங்குவதை நாம் நீதிமன்றத்தில் கண்டதே இல்லை. இந்த உரிமையைத் தரும் அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தின் வாசகத்தை மனப்பாடம் செய்வதால் மட்டும் பயனில்லை. எந்த முடிவை நீதிபதி எடுக்கலாம், எதை ஜூரிதான் எடுக்க வேண்டும் என்ற கேள்வியை முன்வைத்து வழக்குகளைப் படித்தபோதுதான் எனக்கு இப்பகுதி வசப்பட்டது.

1968-இல் வந்த டங்கன் எதிர் லூயிசியானா தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள். பதினான்காவது திருத்தத்தின் வழியாக இந்த உரிமை மாநில நீதிமன்றங்களுக்கும் பொருந்தும் என்று கூறியது அதுவே. டங்கனுக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை 60 நாள்தான். ஆயினும் அக்குற்றத்துக்குச் சட்டம் அனுமதித்த உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு என்பதையே உச்ச நீதிமன்றம் கணக்கில் கொண்டது. 1970-இன் பால்ட்வின் தீர்ப்பு, ஆறு மாதத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு ஜூரி உரிமை உண்டு என எல்லையை வரைந்தது. சிறு குற்றங்கள் பலவற்றின் தண்டனைகளைக் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டினாலும் உரிமை பிறக்காது என்பது 1996-இன் லூயிஸ் தீர்ப்பு. தேர்வில் கேட்பதற்கு ஏற்ற இடம் இது.

ஜூரியில் ஆறு பேர் போதும், ஐவர் போதாது என்பதை நினைவில் வைத்தால் எண்ணிக்கை பற்றிய பகுதி முடிந்தது. ஒருமித்த முடிவு பற்றிய பகுதியோ நிதானமாகப் படிக்க வேண்டியது. பன்னிருவரில் பத்துப் பேர் ஒப்பினாலே குற்றவாளி என்று தீர்க்கும் முறை லூயிசியானாவிலும் ஓரிகனிலும் நெடுங்காலம் இருந்தது. கறுப்பின ஜூரிகளின் குரலை வலுவிழக்கச் செய்வதே லூயிசியானாவில் அதன் வேர் என்பதை, ஜூரியின் முடிவு ஒருமித்ததாகவே இருக்க வேண்டும் என்று விதித்த 2020-இன் ராமோஸ் தீர்ப்பு வெளிப்படையாகப் பேசுகிறது. அந்த வரலாற்றைத் தவிர்த்துவிட்டு விதியை மட்டும் படிப்பது அத்தீர்ப்புக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது 2000-இன் அப்பிரெண்டி தீர்ப்புக்கு. கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டை நோக்கிச் சுட்டவருக்கு, அக்குற்றத்துக்கான உச்சத் தண்டனை பத்தாண்டாக இருக்க, இனவெறியே நோக்கம் என்று நீதிபதி தாமே முடிவு செய்து பன்னிரண்டு ஆண்டு விதித்தார். முந்தைய தண்டனைத் தீர்ப்பு நீங்கலாக, சட்டம் வகுத்த உச்சத்தைத் தாண்டித் தண்டனையை உயர்த்தும் எந்த உண்மையும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி ஜூரி முன் நிறுவப்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2013-இன் அலைன் தீர்ப்பு இதைக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைக்கும் விரித்தது. ஒரு வினாவில் நீதிபதி புதிதாக ஏதேனும் உண்மையைக் கண்டறிந்தால், அது தண்டனையின் எல்லைகளை மாற்றுகிறதா அல்லது எல்லைக்குள் அவருக்குள்ள விருப்புரிமையை மட்டும் தொடுகிறதா என்று பாருங்கள். முதலாவதானால் ஜூரி தேவை.

பழைய குறிப்பேடுகளை வாங்கும்போது எச்சரிக்கை வேண்டும். முந்தைய தண்டனை என்ற விதிவிலக்கை 2024-இன் எர்லிங்கர் தீர்ப்பு மிகக் குறுக்கியிருக்கிறது: பழைய குற்றங்கள் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் நிகழ்ந்தவையா என்பதைக்கூட, அதைக் கொண்டு தண்டனை உயருமானால், இனி ஜூரியே தீர்மானிக்க வேண்டும்.