மயில்துத்தத்தின் ஐந்தாவது நீர்

மயில்துத்தம் என்பது நீர் சேர்ந்த காப்பர் சல்பேட்டின் நீலப் படிகம். அதைச் சூடாக்கி, குறையும் எடையைக் கொண்டு கணக்கிட்டால் நீரின் சதவீதம் 36.08 வரவேண்டும். முதல் தடவை வந்தது 28.97. கூட்டல் கழித்தலைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் பிழை இல்லை. செய்முறைக் குறிப்பில் இருந்த “வெள்ளையாகும் வரை சூடாக்குக” என்ற ஒரு வரியை நம்பியதுதான் பிழை.

காப்பர் சல்பேட்டில் இருக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகளும் ஒரே மூச்சில் வெளியேறுவதில்லை. நான்கு, 110 டிகிரி செல்சியஸை ஒட்டியே போய்விடும். ஐந்தாவது, சல்பேட்டோடு இறுகப் பிணைந்திருப்பது. அது போக 200 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் நான்கு போனதுமே பொடி ஏறக்குறைய வெளுத்துவிடும். கண் ஏமாறுவது இங்கேதான். நான்கு மட்டும் போனால் எடை இழப்பு 28.86 சதவீதம். ஆகவே விடை 29-ஐ ஒட்டி வந்தால் வேறெங்கும் தேடவேண்டாம்.

புடக்குகையை (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) முதலில் வெறுமனே சூடாக்கி, ஆறவைத்து எடைபோட்டது: மூடியோடு 18.412 கிராம். உப்பு, அதாவது மயில்துத்தம், போட்டபின் 20.915. ஆக, உப்பு 2.503 கிராம். முதல் சூடாக்கலுக்குப் பின் 20.190. மறுபடி பத்து நிமிடம் சூடாக்கியதும் 20.015. மூன்றாம் முறை 20.013. எடை நின்றுவிட்டது என்று நம்ப இந்த மூன்றாவது எடை கட்டாயம் வேண்டும்.

சுடரை எடுத்த எடுப்பில் பெரிதாக வைத்தால் படிகங்கள் வெடித்துத் தெறிக்கும்; வெளியே விழும் ஒவ்வொரு துணுக்கும் நீர்க்கணக்கில் ஏறிவிடும். உப்பை நன்றாகப் பொடித்து, மூடியைச் சற்றே திறந்து வைத்து, சிறு சுடரில் தொடங்குங்கள். அதற்காக ஐந்தாவது நீரைத் துரத்துகிறோம் என்று அடி சிவக்கக் காய்ச்சவும் கூடாது. ஓரத்தில் கறுப்பு தட்டினால் சல்பேட் சிதைந்து காப்பர் ஆக்சைடு ஆகிறது என்று அர்த்தம். அந்தப் பொடியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

ஆறவைப்பதிலும் கவனம் வேண்டும். திறந்த மேசையில் விட்டால், நீரற்ற பொடி காற்றின் ஈரத்தை இழுக்கும். தராசில் கடைசி இலக்கம் கண்ணெதிரே ஏறும். சுடச்சுட வைத்தாலோ மேலெழும் வெப்பக்காற்றால் எடை குறைவாகக் காட்டும். உள்ளே ஈரம் இல்லாமல் வைத்திருக்கும் மூடிய கலமான டெசிகேட்டரில்தான் ஆறவேண்டும். அதற்கு முன் உள்ளிருக்கும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைப் பாருங்கள். கோபால்ட் குளோரைடு சேர்த்த வகையானால் நீலமாக இருக்கவேண்டும். இளஞ்சிவப்பாகியிருந்தால் அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கிறது. அடுப்பில் உலர்த்தாமல் பயனில்லை.

இனி கணக்கு. இழப்பு 0.902 கிராம். இதை எடுத்துக்கொண்ட 2.503-ஆல் வகுக்கவேண்டும்: 36.04 சதவீதம். மிஞ்சிய 1.601-ஆல் வகுத்தால் 56.3 என்று வரும்; பலர் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில். சரிபார்க்க, 0.902-ஐ நீரின் மோலார் நிறையான 18.02-ஆலும், 1.601-ஐ நீரற்ற காப்பர் சல்பேட்டின் மோலார் நிறையான 159.6-ஆலும் வகுத்து, ஒரு காப்பர் சல்பேட்டுக்கு எத்தனை நீர் என்ற மோல் விகிதம் பார்த்தேன். 4.99.