தறிச் சத்தத்தில் வளர்ந்தவனின் சிந்த்பாப் பட்டியல்

'மிஷின் மியூசிக்கில் உயிர் இல்லை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும், ஏனென்றால் நான் வளர்ந்த, கோயமுத்தூரை அடுத்த சோமனூர்ப் பக்கத்தில் மிஷின் ஓடினால்தான் வீட்டில் சோறு. வீட்டை ஒட்டியே தறி குடோன். ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். அந்தச் சத்தத்தில் குழந்தைகள் நன்றாகத் தூங்கும், கரண்ட் போய் எல்லாம் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து அழும்.

சிந்தசைசர் என்ற மின்னணு கீபோர்டில் கட்டிய சிந்த்பாப் பாட்டுகள் எங்கள் வீட்டுக்கு வந்தது சின்ன மாமா மூலமாக. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தார், வெளிநாட்டு பையர் யாரோ போகும்போது விட்டுப்போன கேசட்டுகளை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் பேனாவில் கிறுக்கியிருக்கும், எது யார் பாட்டு என்றே தெரியாது. டேப்ரெக்கார்டரில் போட்டுவிட்டால் அம்முச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) திண்ணையிலிருந்து கேட்கும்: "ஏங்கண்ணு, தறி ஓடறமாட்ட இருக்குது, கரண்டு போனா இந்தப் பாட்டும் நின்னுபோயிருமா?" கிண்டலாகத்தான் கேட்டது. ஆனால் நியூ வேவ் (பங்க் ராக்கை ஒட்டி வந்த புதுப் பாப் அலை), சிந்த்பாப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நான் எந்த இசை விமர்சகரிடமும் படித்ததில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் என்ற முரட்டு ராக் அலை அடித்து ஓய்ந்த சமயத்தில், கைக்கு அடங்கும் விலையில் சிந்தசைசர்கள் வர ஆரம்பித்தன. சங்கீதம் படிக்காத, கிட்டார் சரியாகப் பிடிக்கத் தெரியாத பையன்கள் அவற்றை வாங்கி, ஒற்றை விரலால் வாசித்துப் பாட்டுக் கட்டினார்கள். அவ்வளவுதான் கதை. எனக்கு அந்த மிஷினின் கறார்த்தனம் பிடிக்கும், ஆனால் அதற்காக மட்டும் கேட்கவில்லை. இம்மி பிசகாமல் ஓடும் ஒன்றுக்கு நடுவே நின்று, கொஞ்சம் பிசகுகிற ஒரு ஆள் பாடுகிறார் பாருங்கள், அதுதான் விஷயம். மிஷினும் ஆளும் ரெண்டு பேருமே கச்சிதமாக இருந்தால் எனக்குச் சலித்துவிடும். அதனால் என் பட்டியல் ஒருபக்கச் சாய்வானதுதான், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலிடத்தில் யோசனையே இல்லாமல் நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே', 1983. மான்செஸ்டர் ஆட்கள். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கோயமுத்தூரைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம், அசல் மான்செஸ்டரில் மில்கள் ஓய்ந்த பிறகு என்ன சத்தம் வந்தது என்று கேட்க வேண்டுமானால் இதைக் கேட்கலாம். இவர்கள் அதற்கு முன் ஜாய் டிவிஷன் என்ற பெயரில் இருந்தார்கள். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம், அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். மிச்சம் இருந்தவர்களில் யார் பாடுவது என்ற கேள்வி வந்து, கடைசியில் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர் மைக் முன்னால் நின்றார். நல்ல பாடகர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். 'ப்ளூ மண்டே'யில் அவர் குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, துக்க வீட்டுக்கு வந்தவர்களிடம் மரத்துப்போய்ப் பதில் சொல்கிற மாதிரி ஒரு குரல். அதற்கு அடியில் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மிஷின் இடிக்கிற இடி இருக்கிறதே, நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும்.

இந்தப் பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி வேறு. அந்தக் காலத்து சீக்வென்சரில் (ஏற்றி வைத்த ஸ்வரங்களைத் தானாக வாசிக்கும் மிஷின்) ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் ஏற்ற வேண்டும். கீபோர்ட் கலைஞர் கில்லியன் கில்பர்ட் எல்லாவற்றையும் தாள்களில் எழுதி, ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்டூடியோ நீளத்துக்கு விரித்து வைத்திருந்தாராம், பார்க்கப் பெரிய நிட்டிங் பேட்டர்ன் போல இருந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். (திருப்பூர்க்காரர்கள் கவனிக்க.) அதை ஏற்றும்போது ஒரு ஸ்வரம் விடுபட்டுப் போனது. அதனால் மெலடி தாளத்திலிருந்து துளி விலகி நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு இழை விட்டுப்போன துணியைச் செக்கிங்கில் பார்த்தால் நம்ம ஊரில் பீஸை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், இங்கே அந்த விட்டுப்போன இழைதான் பாட்டையே தூக்கி நிறுத்துகிறது. இன்றைக்கும் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற 12 அங்குல சிங்கிள் (தனிப்பாட்டு ரெக்கார்ட்) இதுதான். பீட்டர் சாவில் ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி வெட்டி வடிவமைத்த அந்த அட்டைக்கு ஆன செலவில், விற்க விற்க கம்பெனிக்கு நஷ்டம் என்றொரு கதையும் உண்டு. எவ்வளவு நிஜமோ, அந்தக் கம்பெனியான ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் ஆட்களின் வியாபாரத்தைப் பற்றிப் படித்திருந்தால் நம்பத்தான் தோன்றும்.

அடுத்து ஷெஃபீல்ட். இரும்பு எஃகு ஊர், பவுண்டரிக்காரர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். அங்கிருந்து ஹ்யூமன் லீக். 1980-ல் இந்தக் குழு இரண்டாக உடைந்தது, வாத்தியம் தெரிந்தவர்கள் பிரிந்து போய்விட்டார்கள், பாடகர் ஃபில் ஓக்கியிடம் பெயரும் கடனும் ஒப்புக்கொண்ட கச்சேரிப் பயணமும் மட்டும் மிச்சம். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, உள்ளூர் நைட் கிளப் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண்கள் இருவரைப் பார்த்து, எங்கள் குழுவில் சேருகிறீர்களா என்று கேட்டார். ஜோன் கேத்தரால், சூசன் ஆன் சல்லி. பயிற்சி கிடையாது, மேடை அனுபவம் கிடையாது. அடுத்த வருஷம், 1981 கிறிஸ்துமஸுக்கு, 'டோன்ட் யூ வாண்ட் மீ' பிரிட்டனில் முதலிடம். ஓக்கிக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, ஆல்பத்தின் கடைசியில் தள்ளி வைத்திருந்தார், சிங்கிளாக வெளியிட வேண்டாம் என்று சண்டை போட்டார், கம்பெனிதான் பிடிவாதமாக வெளியிட்டது.

பாட்டில் முதலில் ஆண் பேசுகிறான்: நான்தானே உன்னை ஆளாக்கினேன், இப்போது விட்டுப்போகிறாயே என்று. ரெண்டாவது சரணத்தில் அந்தப் பெண் வந்து, ஆமாம் காக்டெய்ல் பாரில் வேலை பார்த்தேன், நீ இல்லாவிட்டாலும் நான் வந்திருப்பேன் என்கிறாள். சூசனின் குரல் அங்கே பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிற குரல். தேர்ந்த பாடகி பாடியிருந்தால் அந்த வரி நாடகமாகப் போயிருக்கும். லின் டிரம் மிஷினின் கறாரான தாளத்துக்கு மேலே அந்தச் சாதாரணக் குரல் வந்து உட்காரும்போது, ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பெண் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

'ஒன்லி யூ', யாஸூ, 1982. டெபெஷ் மோடின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளை எழுதிய வின்ஸ் கிளார்க், அந்தக் குழு கொடிகட்டிப் பறக்க ஆரம்பித்த நேரத்தில் விலகி வந்து, ஆலிசன் மோயட் என்ற பெண்ணோடு சேர்ந்தார். மோயட்டுக்கு ப்ளூஸ் குரல், கனமான, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். கிளார்க்கின் வாசிப்போ சொட்டுச் சொட்டாக, எண்ணி வைத்த மாதிரி. சேரவே கூடாத ரெண்டு. சேர்ந்திருக்கிறது. இதே பாட்டை மறு வருஷம் ஃப்ளையிங் பிக்கெட்ஸ் என்ற குழு ஒரு வாத்தியமும் இல்லாமல் வெறும் வாயாலேயே பாடி, 1983 கிறிஸ்துமஸுக்கு முதலிடம் பிடித்தது. அம்முச்சியின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது: கரண்ட் போனாலும் இந்தப் பாட்டு நிற்காது. ஆனாலும் எனக்கு மிஷினோடு இருக்கும் யாஸூதான் வேண்டும், மற்றது அழகாக இருக்கிறது, அவ்வளவுதான், உறுத்தல் இல்லை.

சாஃப்ட் செல்லின் 'டெய்ன்டட் லவ்' எல்லாருக்கும் தெரியும், 1965-ல் குளோரியா ஜோன்ஸ் பாடி எடுபடாமல் போனது, 1981-ல் இவர்கள் வேகத்தைக் குறைத்துப் பாடி உலகம் முழுக்க ஓடியது. மார்க் ஆல்மண்ட் பாடிய முதல் டேக்கையே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் அதில் எனக்கு வேண்டியது. சுருதி அங்கங்கே வழுக்கும். வழுக்கட்டும்.

ஓஎம்டி (ஆர்க்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க்) குழுவின் 'எனோலா கே' பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். லிவர்பூல் பக்கத்துப் பையன்கள், தங்கள் முதல் சிந்தசைசரை வீட்டில் அம்மா வைத்திருந்த தபால் வழி கேட்லாக்கில் பார்த்து வாரத் தவணைக்கு வாங்கியவர்கள். வாரத் தவணையில் மிக்ஸியும் பீரோவும் வாங்கிய குடும்பத்தில் பிறந்த எனக்கு இது ஏதோ சொந்தக்காரர் கதை போல இருக்கும். பாட்டு 1980. கேட்டால் கல்யாண வீட்டில் போடலாம் போல அவ்வளவு குதூகலமான ட்யூன். விஷயமோ ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானம். அந்த விமானத்துக்கு விமானி தன் தாயின் பெயரை வைத்திருந்தார், அதைத்தான் பாட்டு திரும்பத் திரும்பக் குத்திக் கேட்கிறது. குண்டு வெடித்த 8.15 மணி நேரமும் வரிகளில் வருகிறது. சிலர் இந்த ட்யூனுக்கு இந்த விஷயமா என்று முகம் சுளிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒப்பாரியாகப் பாடியிருந்தால் ஒருமுறை கேட்டுவிட்டு மறந்திருப்போம், இது நாக்கில் ஒட்டிக்கொண்டு, நாலாவது தடவை முணுமுணுக்கும்போதுதான் என்ன பாடுகிறோம் என்று உறைக்கிறது.

கேரி நூமனின் 'கார்ஸ்', 1979: காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டால்தான் பத்திரம் என்று நினைக்கிற ஒருவனின் பாட்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு அவிநாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் பக்கம் மாட்டிக்கொண்டு கேட்டால் முழுசாகப் புரியும். அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா', 1981, அற்புதமான பாட்டு, பிரிட்டனில் ரெண்டாம் இடத்தோடு நின்றது, மேலே ஏறவிடாமல் மறித்தது ஜோ டோல்சேயின் ஒரு நகைச்சுவைப் பாட்டு. உலகம் எல்லா இடத்திலும் இப்படித்தான் போல. டுரான் டுரான் எனக்கு ரொம்ப மினுக்கல், ஆனால் 'சேவ் எ ப்ரேயர்' மட்டும் விதிவிலக்கு. 1982-ல் அதன் வீடியோவை இலங்கையில் எடுத்தார்கள், சிகிரியா மலை உச்சியெல்லாம் வரும், நம்ம பக்கத்து வெயில் என்பதாலோ என்னவோ அதில் மட்டும் அவர்கள் மனுஷர்களாகத் தெரிகிறார்கள்.

ஆ-ஹாவின் 'டேக் ஆன் மீ'யை விட்டால் அடிக்க வருவீர்கள், தெரியும். 1984-ல் வந்து தோற்று, மறுபடி பதிவு செய்து, சுமார் 3,000 ஃப்ரேம்களைக் கையால் வரைந்த வீடியோவோடு 1985-ல் ஜெயித்த பாட்டு. நல்ல பாட்டுதான். மார்ட்டன் ஹார்கெட் அந்த உச்ச ஸ்வரத்தைச் சிரமமே இல்லாமல் எட்டிவிடுகிறார், என் பிரச்சினையே அதுதான், கொஞ்சமாவது மூச்சு வாங்கியிருக்கலாம்.

அப்புறம் டெபெஷ் மோட், 'என்ஜாய் த சைலன்ஸ்', 1990. காலத்தால் இது கொஞ்சம் கடைசி, ஆனால் இல்லாமல் முடியாது. குழுவுக்குப் பாட்டு எழுதும் மார்ட்டின் கோர் இதை முதலில் ஹார்மோனியத்தை மட்டும் வைத்து மெதுவான பாட்டாகத்தான் கொண்டுவந்தார். ஹார்மோனியம் என்றதும் நமக்குப் பஜனை மடம்தான் ஞாபகம் வரும். குழுவில் கீபோர்ட் வாசித்த ஆலன் வைல்டர்தான் வேகத்தைக் கூட்டித் தாளத்தைப் போடலாம் என்றார், கோருக்கு முதலில் மனசே இல்லை, இவ்வளவு அமைதியைப் பற்றிய பாட்டுக்கு டிஸ்கோ தாளமா என்று. கோர் பாடிய ஹார்மோனியப் பதிப்பையும் வெளியிட்டார்கள். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஹார்மோனியத்தில் அது ஒரு வேண்டுதல், மிஷினோடு டேவ் கான் பாடும்போது அவன் வேண்டுகிற அமைதி அவனுக்குக் கிடைக்கவே போவதில்லை என்று தெரிந்துவிடுகிறது, தாளம்தான் நிற்கமாட்டேன் என்கிறதே. வீடியோவில் கிரீடம் வைத்த ராஜாவாக ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக அலைவார், உட்கார இடம் தேடி.

நம்ம பக்கமும் இது நடந்தது. மும்பையில் சரண்ஜித் சிங் 1982-லேயே ரோலண்ட் சிந்தசைசர், டிரம் மிஷின்களில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு ரெக்கார்ட் வெளியிட்டார், அப்போது யாரும் சீந்தவில்லை, பல வருஷம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் தோண்டி எடுத்துத் தலையில் தூக்கி வைத்தார்கள். 1986-ல் இளையராஜா 'விக்ரம்' தலைப்புப் பாட்டைப் போட்டார். கமல் பாடியிருப்பார், முறைப்படி தேர்ந்த குரல் இல்லை, அடியில் சிந்தசைசர் தடதடக்கும், மேலே அவர் கிட்டத்தட்டக் கத்துவார். மான்செஸ்டர்க்காரர்களோடு ஒரே கேசட்டில் அதைப் பதிந்து வைத்திருந்தேன், ஒட்டு தெரியாது.

பெட் ஷாப் பாய்ஸ் எங்கே, டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் எங்கே என்று சின்ன மாமா ஃபோனில் சண்டைக்கு நிற்கிறார். "கேசட் குடுத்தது நானு, லிஸ்ட் போடறது நீயா?" என்கிறார். நியாயம்தான், ஆனால் பெட் ஷாப் பாய்ஸுக்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும், டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் பாட்டுகள் எனக்கு அளவுக்கு மீறிய பாலிஷ், அதை மாமாவிடம் நேரில் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 'ப்ளூ மண்டே'யில் தொடங்குங்கள், ரேடியோவுக்காகக் குறுக்கியது வேண்டாம், ஏழரை நிமிஷத்துக்கு ஓடும் 12 அங்குலப் பதிப்பு, பேஸ் நன்றாக வரும் ஸ்பீக்கரில். மொபைல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நன்றாக இல்லை என்று என்னிடம் வராதீர்கள்.