பால் பல் என்று நான் எண்ணிய கடைவாய்ப்பல்

என் மகளுக்கு 7 வயது. பால் பற்கள் விழத் தொடங்கும் ஏறத்தாழ 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே வரிசையின் கடைசியில் ஓசையின்றி முளைக்கும் கடைவாய்ப்பல்லை நானும் பால் பல் என்றே எண்ணியிருந்தேன்; அது வாழ்நாள் முழுவதற்குமான பல் என்பதை, கீழ்த்தாடையில் ஒன்று சொத்தையான பிறகே அறிந்தேன். அந்தக் குற்றவுணர்வு இன்னும் நீங்கவில்லை.

சொத்தை, பல்லின் கடினமான மேலுறையான எனாமலைக் கடந்து உள்ளே இறங்கிவிட்டதால், மருத்துவர் கெட்ட பகுதியை அகற்றி, பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் என்னும் பிசின் கலவையை அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளியால் இறுகச் செய்து அடைத்தார். இதேபோல் முளைத்திருந்த மற்ற மூன்று கடைவாய்ப்பற்களும் நல்ல நிலையில் இருந்தன. ஆனால், அவற்றின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்கள் பிரஷ்ஷின் ஓர் இழைகூட நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. எவ்வளவு அக்கறையாகத் துலக்கினாலும் அங்கே தங்கும் உணவைக் கிருமிகள் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே அவற்றை அமிலக் கூழால் சற்றே சொரசொரப்பாக்கி, கழுவி, உலர்த்தி, சீலன்ட் என்னும் மெல்லிய பிசினால் மூடினார். ஊசியும் இல்லை, துளையிடுதலும் இல்லை.

எனாமலில் பிசின் இவ்வாறு ஒட்டும் என்பதை 1955-இல் காட்டியவர் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவர்.

சீலன்ட் பெயரக்கூடும் என்பதால் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். பற்களின் இடுக்குகளை அது காக்காது, அங்கே ஃபுளோரைடு பற்பசைதான் துணை. 6 வயதுக் குழந்தை இருப்பவர்கள் இன்றிரவே டார்ச் அடித்து அந்தக் கடைசிப் பல்லைப் பாருங்கள்.