மார்கழியில் பொலோனா

டிசம்பர் 27

இத்தாலியில் பொலோனா வந்து சேர்ந்தாயிற்று. அம்மா சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சு என்று, ஊரில் பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பகல் அக்காவிடமிருந்து மெசேஜ். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பதில் இல்லை.

டிசம்பர் 27, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. மகள் பாப்பா எடுத்துக் கொடுத்த வீட்டில் ஹீட்டர் பத்து மணிக்குத் தானாக அணைந்துவிடுகிறது. கட்டடம் முழுக்க ஒரே கொதிகலன், அதற்கு ஒரு நேரக்கணக்கு, நம் இஷ்டத்துக்குப் போட முடியாதாம். இவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறார்.

இங்கே பன்னிரண்டு என்றால் அங்கே விடிகாலை நாலரை. போனில் அம்மா அறைக் கேமராவைத் திறந்தேன். கறுப்பு வெள்ளையில் கட்டில், வாக்கர், தரையில் நைட் அக்காவின் பாய். பாயில் ஆள் இல்லை. பாத்ரூம் போயிருக்கலாம். காபி போடப் போயிருக்கலாம். தம்பி கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி மாட்டியிருந்தால் பாத்ரூம் கதவு தெரியும். சொன்னால் "நீ வந்து மாட்டு" என்பான். பதினொரு நிமிஷம் கழித்து அக்கா வந்து படுத்தார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் குளிர்கிறது என்றே தெரிந்தது.

டிசம்பர் 28

ரவென்னா. பொலோனாவிலிருந்து பாசஞ்சர் வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வெளியே வயல், பனி, வயல், பனி.

காலா பிளாசிதியா கல்லறை மண்டபம் வெளியிலிருந்து பார்த்தால் பழைய செங்கல் கட்டடம், அவ்வளவுதான். தலையைக் குனிந்து உள்ளே போனால் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஜன்னலில் கண்ணாடி இல்லை, மெல்லிய அலபாஸ்டர் கல் பலகை. அதன் வழியாக வரும் வெளிச்சம் தேன் நிறத்தில் விழ, மேலே கருநீலக் கூரையில் தங்க நட்சத்திரங்கள். ஐந்தாம் நூற்றாண்டு வேலை. ஒரு கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு வெள்ளைப் புறா, ஒன்று குனிந்து தண்ணீர் குடிக்கிறது. ஐந்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு நிமிஷம் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

சான் விதாலேயில் தியோதோரா ராணி முத்தும் மணியுமாகப் பரிவாரத்தோடு நிற்கிறாள். எதிர்ச் சுவரில் அவள் கணவன், பேரரசன் ஜஸ்டினியன். இருவரும் இந்த ஊருக்கு வந்ததே இல்லையாம். வராத ஊரில் இவ்வளவு அதிகாரமாக நிற்க முடிகிறது.

நான் எழுத வந்தது வேறு. சாந்த் அப்போலினாரே நுவோவோ என்று ஒரு கோவில். கோத் இனத்து அரசன் தியோடரிக் தன் அரண்மனைக்காகக் கட்டியது. உள்சுவரில் அவன் அரண்மனையே மொசைக்கில் இருக்கிறது. தூண்களுக்கு நடுவே முதலில் அவனும் அவனுடைய ஆட்களும் நின்றிருக்கிறார்கள். 540-இல் பைசாந்தியர்கள், அதாவது கிழக்கு ரோமானியர்கள், ஊரைப் பிடித்தார்கள். பிறகு ஆயர் ஒருவர் அந்த உருவங்களையெல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைத் திரைச்சீலை தொங்குவதுபோல் கல் பதிக்கச் சொல்லியிருக்கிறார். வேலை செய்தவர்கள் தூணைத் தொடவில்லை. அதனால் தூண்மேல் கை மட்டும் இருக்கிறது. மணிக்கட்டு, விரல்கள், கொஞ்சம் முன்கை. ஆள் இல்லை. பாப்பா காட்டியிருக்காவிட்டால் கவனித்திருக்க மாட்டேன். ஒரு தூணில் பார்த்த பிறகு அடுத்த தூணிலும் தெரிகிறது.

மதியம் கேமராவில் அம்மாவின் கை மட்டும் தெரிந்தது. நாற்காலியை யாரோ ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். கைப்பிடிமேல் கை, அந்தப் பழைய வளையல். நான் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் அசையவில்லை. போன் போட்டேன். "அம்மா வெயில் காயுறாங்கக்கா" என்றார் பகல் அக்கா. என்னைவிட அவருக்கு நாலு வயது அதிகம். எனக்கும் அவர் அக்கா, அவருக்கும் நான் அக்கா.

டிசம்பர் 28, ரயிலில்

ரவென்னா சான் பிரான்செஸ்கோ கோவிலின் நிலவறையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மீன் நீந்துகிறது. ஒரு யூரோ போட்டால் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். இவர் சில்லறை தீரும்வரை போட்டார்.

டிசம்பர் 29

காலையில் சான் பெத்ரோனியோ. கோவிலின் முன்சுவரில் பாதி வரைக்கும்தான் பளிங்கு, மேலே வெறும் செங்கல். காசு தீர்ந்ததோ மனசு தீர்ந்ததோ, அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே தரையில் பித்தளைக்கோடு, 1655-இல் காசினி என்ற வானியலாளர் போட்டது, கிட்டத்தட்ட 67 மீட்டர். கூரையில் ஒரு துளை. உச்சிப்பொழுதில் சூரியன் அந்தத் துளை வழியாகக் கோட்டின்மேல் விழும். கோடையில் துளைக்குக் கிட்டே சின்ன வட்டமாக, இந்த மாதத்தில் வெகுதூரம் தள்ளி நீண்ட முட்டை வடிவில். பன்னிரண்டேகால் தாண்டி விழும் என்று இவர் அரை மணி நேரம் முன்பே போய் நின்றுகொண்டார். மேகம். விழவில்லை. "நாளைக்கு வரலாம்" என்கிறார். ரிட்டயர் ஆன எஞ்சினியரோடு கோவிலுக்குப் போகக் கூடாது.

பிறகு இரட்டைக் கோபுரம். உயரமானது அசினெல்லி, 97 மீட்டர். குட்டை கரிசெந்தா, 48. குட்டைதான் சாய்ந்திருக்கிறது, பயமாகவே சாய்ந்திருக்கிறது. மேலே மேகம் போகும்போது அண்ணாந்து பார்த்தால் கோபுரமே நம்மேல் விழுவதுபோல் இருக்கும் என்று கவிஞர் தாந்தே எழுதியிருக்கிறார். 2023 அக்டோபரிலிருந்து கிட்டே விடுவதில்லை. சுற்றிலும் உயரமான இரும்புத் தடுப்பு, விழுந்தால் பிடிக்க வலை, உள்ளே கருவிகள். இம்மி அசைந்தாலும் பதிவாகுமாம். பீசா கோபுரத்தைத் தாங்கப் பயன்படுத்திய சட்டங்களை இங்கே கொண்டுவரத் திட்டம் என்று பாப்பா பெருமையாகச் சொன்னாள்.

எனக்கு ஏனோ ஆத்திரம் வந்தது. நூற்றாண்டுக் கணக்கில் சாய்ந்து நிற்கும் செங்கல்லுக்கு ராத்திரி பகலாக இத்தனை பேர் காவல். அங்கே ஒரு மனுஷிக்கு ஏஜென்சியில் ஆள் கேட்டால், "பொங்கல் வருதுங்க, பார்த்துச் சொல்றோம்." பாப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "மா, அது டவர் மா" என்றாள்.

டிசம்பர் 30

ஆஃப்லைன்.

டிசம்பர் 30, மாலை

இன்னும் ஆஃப்லைன். ஃபெராரா போனோம். ஊர் நடுவில் கோட்டை, சுற்றி அகழி, அகழியில் நிஜமாகவே தண்ணீர். தெருவெல்லாம் சைக்கிள். வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

கரண்ட் போகவில்லை, ஃப்ரிட்ஜ் ஓடுகிறது என்கிறார் பகல் அக்கா. மோடம் எரிகிறதாம். பிளக்கைப் பாருங்கள் என்றேன். "எந்த பிளக்குக்கா?" பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அம்மா ஏதோ சொல்ல, அக்கா சிரிப்பை அடக்குவது கேட்டது. என்ன சிரிப்பு?

டிசம்பர் 31

ராத்திரி எட்டு மணிக்கு கேமரா வந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

பகலில் சாந்தா மரியா தெல்லா வீதா. நிக்கோலோ தெல் ஆர்க்கா என்பவர் சுட்ட களிமண்ணில் செய்தது. செத்துக் கிடக்கும் இயேசு, சுற்றிலும் அழுகிறவர்கள். அதில் ஓடிவரும் மரிய மதலேனாள்: முக்காடு காற்றில் பின்னுக்குப் பறக்கிறது, வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, உள்ளே நாக்கு வரைக்கும் செய்திருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் இப்படி ஒரு ஒப்பாரியைச் செய்ய விட்டிருக்கிறார்கள். சத்தம் கேட்காததுதான் குறை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்துவிட்டேன். வருஷக் கடைசியில் வேண்டாம்.

டிசம்பர் 31, அதாவது ஜனவரி 1, மணி ஒன்றரை

மாஜ்ஜோரே சதுக்கத்தில் நள்ளிரவு கிழவனைக் கொளுத்துகிறார்கள். வெக்கியோனே, போன வருஷத்தின் உருவம். ஒவ்வொரு வருஷமும் ஒரு கலைஞர் வடிவமைக்கிறார். கூட்டம் எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தது, பன்னிரண்டு அடித்ததும் தீ. எல்லாரும் கத்துகிறார்கள், கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள், குழந்தைகள் அப்பா தோளில். நம் போகி மாதிரிதான் என்று இவர் விளக்கினார். போகியில் பாயைக் கொளுத்துவோம், பழைய முறத்தைக் கொளுத்துவோம். முகம் வைத்த கிழவனை உட்காரவைத்துக் கொளுத்த மாட்டோம்.

திரும்பி நின்று கேமராவைப் பார்த்தேன். நாலு மணி முப்பத்தைந்து. அம்மா முழித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து நேராக கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 1

கடையெல்லாம் மூடல். பாப்பா வீட்டில் ரசம் சாதம், அப்பளம். இவரும் அவளும் சான் லூக்கா குன்றுக்கு நடந்தார்கள். ஊர் எல்லையிலிருந்து கோவில் வாசல் வரைக்கும் கூரை போட்ட நடை, 666 வளைவு, மழை பெய்தாலும் நனைய மாட்டீர்கள். நான் போகவில்லை.

ஜனவரி 2

மாந்துவா. மூன்று பக்கம் ஏரி, மேலே புகைபோல் பனி. பரங்கிக்காய்ப் பூரணம் வைத்த தோர்தெல்லி சாப்பிட்டோம், உள்ளே பாதாம் பிஸ்கட்டைப் பொடித்துப் போடுகிறார்கள், இனிப்பும் உறைப்புமாக ஒரு பழ ஊறுகாயும் சேர்கிறது. கொழுக்கட்டையை வெண்ணெயில் குளிப்பாட்டிய மாதிரி. இந்தப் பயணத்தில் நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிய ஒரே பண்டம்.

அரண்மனையில் ஓவியர் மாந்தேஞ்ஞா 1474-இல் முடித்த அறை. கூரையில் வட்டமாக வானம் திறந்திருப்பதுபோல் வரைந்திருக்கிறார். கைப்பிடிச் சுவரைச் சுற்றிப் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள், ஒருத்தி சிரிக்கிறாள். ஒரு தொட்டிச் செடி, கீழே ஒரே ஒரு கழிதான் அதைத் தாங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் நம் தலையில் விழலாம். அண்ணாந்து பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். என்னால் அவர்களுக்குக் கீழே நிற்க முடியவில்லை. ஓரமாகப் போய்விட்டேன்.

சாயங்காலம் கேமராவில் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. பச்சைக் கட்டம், வெள்ளைக் கட்டம். நெட் போய்விட்டது என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் நூல் நூலாகத் தெரிகிறது. துண்டு. அம்மாவின் ஈரிழைத் துண்டு.

போன் போட்டேன். அம்மாவே எடுத்தாள்.

"யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன்."

"முந்தாநாள் பிளக்கு?"

"அதுவும்தான். ஏண்டி, காசு குடுத்து ஊர் பாக்கப் போனவ ஊரைப் பாரு. நான் சேலை மாத்துறதையுமா பாக்கணும்?"

வைத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முதலில் வைக்கிறாள்.

ஜனவரி 3

மாந்துவாவிலிருந்து காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேக்கு பஸ். இவருக்கும் பாப்பாவுக்கும் அலுப்பு, நான் கேட்டதால் வந்தார்கள். வீரமாமுனிவர் பிறந்த ஊர், 1680. பொலோனாவிலும் ரவென்னாவிலும் இருந்து படித்தவர், நாங்கள் சுற்றிய அதே ஊர்கள். சின்ன ஊர், சரிவான தெரு, கடைகள் பாதி மூடியிருந்தன. ஊரின் பெரிய பெயர் வேறொருவர்: 1568-இல் இங்கே பிறந்த லூயிஜி கொன்சாகா, நம் ஊர் ஞானப்பிரகாசியார். ரோமில் கொள்ளைநோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளப் போய், நோய் தொற்றி 23 வயதில் இறந்தவர். அவருடைய மண்டையோடு இங்கே கோவிலில்.

இன்னொன்று. 1859 ஜூன் 24, பக்கத்தில் சோல்ஃபெரினோவில் சண்டை. காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஊருக்குள் வந்து விழுந்தார்கள். வியாபார விஷயமாக வந்திருந்த ஹென்றி துனான் என்ற ஜெனீவாக்காரர் இங்கே பெரிய கோவிலில் அவர்களோடு இருந்தார். ஊர்ப் பெண்கள் எந்தப் படை என்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு விதை அதுதான். எத்தனை ராத்திரி முழித்திருப்பார்கள், யார் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கோவில் படியில் உட்கார்ந்து வீட்டுக்கு அடித்தேன். கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு.

"எங்க இருக்க சொல்லு பாப்போம்" என்று நான் கேட்க நினைத்ததை அவளே கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் டீச்சர் குரல் வந்துவிட்டது. திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் தாண்டி ஏலாக்குறிச்சி மாதா கோவிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது, அவர் கட்டிய கோவில் இதுதான் என்று காட்டியது, "நெடிலுக்கு நாம போடுற இரட்டைக் கொம்பு அவரு குடுத்தது, அதுக்கு முன்னாடி குறிலுக்குப் புள்ளி வைப்பாங்க" என்று போர்டில் எழுதியது, ஒரு பையன் "வெள்ளைக்காரர் ஏன் டீச்சர் நம்ம எழுத்தைத் திருத்துறாரு" என்று கேட்டது. எல்லாம் வரிசையாக. மாத்திரைப் பெயர் ஞாபகமில்லாதவள்.

"அங்க ரொம்பக் குளிருதா? அந்த மனுஷன் எப்படித்தான் நம்ம வெயில்ல கிடந்தாரோ."

பகல் அக்கா பின்னாலிருந்து யார் அந்த ஆளு என்று கேட்டார். அம்மா அவருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். போனை வைக்க மறந்துவிட்டார்கள். பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 4

பதோவா. ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயம். முதலில் கண்ணாடி அறையில் பதினைந்து நிமிஷம் உட்காரவைத்து நம்மேல் உள்ள ஈரத்தையும் தூசியையும் அடங்க விடுகிறார்கள், பிறகு உள்ளே பதினைந்து நிமிஷம். ஓவியர் ஜோத்தோ 1305 வாக்கில் முடித்தது. எங்கும் நீலம். எல்லாரும் யூதாஸ் முத்தத்தின் முன்னால் நின்றார்கள். நான் மேல் வரிசையில் மாதாவின் அம்மா அன்னம்மாளிடம் நின்றுவிட்டேன். வீட்டுக்குள் அன்னம்மாள் மண்டியிட்டிருக்கிறாள், சின்ன ஜன்னல் வழியாக தேவதூதன் தலையை நீட்டிச் சேதி சொல்கிறான். வெளியே, மாடிப்படிக்குக் கீழே, வேலைக்காரப் பெண் ஒருத்தி நூல் நூற்கிறாள். கை நின்றுவிட்டது. காது உள்ளே. அவளுக்குச் சேலை மடிப்பெல்லாம் தேவதூதனைவிடக் கவனமாகப் போட்டிருக்கிறார் ஜோத்தோ.

போன் பையிலேயே இருந்தது. துண்டு இன்னும் எடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஜனவரி 5

வெனிஸில் இறங்கினதும் தம்பி போன். பகல் அக்கா நாளையிலிருந்து வர முடியாதாம், மருமகளுக்குப் பிரசவமாம். ஏஜென்சியில் பொங்கலுக்கு அப்புறம்தான் ஆள். தம்பி நாளை சாயங்காலம் வரைக்கும் இருப்பான், அதற்கு மேல் லீவு இல்லை. நாங்கள் இறங்குவது ஏழாம் தேதி காலை. நைட் அக்கா ஒன்பது மணிக்குத்தான் வருவார். ஆக ஆறாம் தேதி சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்கலாம், ஆனால் போன தீபாவளிக்கு அம்மா அவரிடம் பேசியதற்கு அவர் இன்னும் முகம் கொடுப்பதில்லை. இவரைவிட்டுப் பேசச் சொல்லலாமா? இவருக்கு அத்தை கொஞ்சம் மரியாதை கொடுப்பார். இவர் சான் மார்க்கோவில் டிக்கெட் வரிசையில் நிற்கிறார். அங்கே இப்போது மணி மூன்றரை, அத்தை தூங்கி எழுந்திருப்பார், இப்போதே