இலைக்கிண்ணத்துத் தண்ணீர்

ஏப்ரல் 26
மொட்டைமாடியில் அன்னாசிக் குடும்பத்துச் செடியான பெரிய அல்கான்டாரியாவின் மேற்குப் பக்க இலைகள் இரண்டு வெந்துவிட்டன. நேற்று வெளிறிய திட்டாக இருந்தது, இன்று தொட்டால் அப்பளம் போல நொறுங்குகிறது. தப்பு என்னுடையதுதான். நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் வளர்ந்ததை வாங்கி வந்த அன்றே சென்னை வெயிலில் வைத்துவிட்டேன். பிரேசிலில் ரியோ பக்கத்து மலைகளில், வெறும் பாறை மேல் நிற்கிற செடி இது. ஆனால் அங்கே குட்டியிலிருந்தே வெயிலுக்குப் பழகியிருக்கும். 50 சதவீத நிழல்வலை கட்டியாயிற்று. கத்திரி முடியட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்தலாம்.

மே 9
இலையடியில் வெள்ளை வளையம். போர் தண்ணீரின் உப்பு. அன்னாசிக் குடும்பத்தில் இந்த வகைக்கு வேர் பெரும்பாலும் பிடித்து நிற்கத்தான். குடிப்பதெல்லாம் இலைகள் கூடி உண்டாகும் கிண்ணத்திலிருந்து. அந்த நீர் வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போகிறது.

பக்கத்து வீட்டு அக்கா, “ஏசி தண்ணியப் பிடிச்சு ஊத்துங்க, உப்பே இருக்காது” என்றார். உப்பு இருக்காதுதான். ஆனால் செப்புக் குழாய் மேல் வடிந்து வரும் தண்ணீர் அது; இந்தக் குடும்பத்துக்குச் செம்பு விஷம். செம்பு சேர்ந்த பூஞ்சை மருந்தான போர்டோ கலவையைக்கூட நான் மாடிக்கு ஏற்றுவதில்லை. குடிக்கிற கேன் தண்ணீரையே ஊற்றினேன். வீட்டில் முணுமுணுப்பு.

ஜூலை 19
சாயங்கால மழை. டார்ச் அடித்துப் பார்த்தால் கிண்ணத்தில் கொசுப்புழு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. ஒரு வாரம் விட்டால் பறந்துவிடும். எண்ணெய் விடச் சொல்கிறார்கள். விட்டால் நீரை உறிஞ்சும் இலைச் செதில்கள் அடைத்துக்கொள்ளும். ஐந்து நாளுக்கொரு முறை ஹோஸை நடுவில் செருகி, வழிந்தோட விடுகிறேன்.

அக்டோபர் 23
இரவெல்லாம் மழை. வெள்ளை வளையம் போயே போய்விட்டது. நடுக்கிண்ணத்தில் கண் மட்டும் வெளியே தெரிய ஒரு மரத்தவளை. இன்றைக்கு ஹோஸ் இல்லை.

நவம்பர் 30
காய்ந்த அடியிலையை உரித்தேன். உள்ளே புல் கொத்து மாதிரி மூன்று குட்டிகள்! கரியும் செங்கல் சல்லியும் கலந்து சின்னத் தொட்டிகளில் வைத்தேன். தாய் பூக்கப் பத்து வருடம்கூட ஆகலாம். ஆளுயரத்தைத் தாண்டித் தண்டு விடும், பூத்து முடிந்தால் வாடிவிடும்.

ஒரு குட்டி அக்காவுக்கு. ஏசி தண்ணீர் மட்டும் வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.