கூப்பிடாமல் நானே போகும் தளங்கள்

போனில் இருக்கிற ஆப்புகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் சும்மா இருந்தால் அவை பேசத் தொடங்கிவிடும். யாரோ படம் போட்டிருக்கிறாராம், எங்கோ தள்ளுபடியாம், கொஞ்ச நாளாக ஆளைக் காணோமே என்று ஒரு விசாரிப்பு வேறு. இந்தச் சத்தத்தையெல்லாம் அணைத்துவிட்டு, தினமும் நானாக நினைத்து, முகவரியின் முதல் எழுத்துகளைத் தட்டிப் போகிற தளங்கள் எவை என்று யோசித்தால் கொஞ்சம்தான் தேறுகின்றன. அவற்றில் பாதியின் தோற்றம் இருபது வருடத்துக்கு முந்தைய இணையத்தில் நின்றுவிட்டது. லாகின் செய் என்று நச்சரிக்காது, "உங்களுக்காக" என்று கீழே முடிவில்லாமல் ஒரு வரிசை ஓடாது, கேட்டதைக் கொடுத்துவிட்டு ஓரமாக இருக்கும். ஒரு தளம் எனக்குப் பிடித்துப்போக அது போதும்.

அக்டோபர் வந்துவிட்டால் காலையில் முதலில் திறப்பது இந்திய வானிலைத் துறையின் ராடார் பக்கம். அழகென்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, கறுப்போ வெள்ளையோ ஒரு பின்னணி, நடுவில் ஊர், சுற்றிலும் வட்டங்கள், பக்கத்தில் வண்ண அளவுகோல். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள படம் கிடையாது. மழை மேகங்கள் கடலில் திரண்டு கிழக்கிலிருந்து கரைக்கு ஏறுவதால், அவை வருவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும். நீலமும் பச்சையும் தூறல் அளவில்தான், மஞ்சள் தாண்டிச் சிவப்பு தெரிந்தால் துணியை எடுத்துவிட வேண்டும். ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அசையும் படம் ஒன்று அங்கேயே இருக்கும், அதை ஓடவிட்டால் மேகம் நம் பக்கம் வருகிறதா, கரையோரமாகவே வடக்கே நழுவிப் போகிறதா என்று தெரிந்துவிடும். சென்னைக்கு ஒன்று, காரைக்காலுக்கு ஒன்று என்று தனித்தனி ராடார்கள் இருப்பதால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். ராடார் கதிர் தூரம் போகப்போக பூமியின் வளைவால் உயரத்துக்குப் போய்விடும், அதனால் தொலைவில் தாழ்வாக இருக்கிற மழை மேகத்தை அது தவறவிட வாய்ப்புண்டு. நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு சென்னை ராடாரைப் பார்த்து "ஒன்றுமே காணோமே" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

வானிலைக் கணிப்பை வரைபடமாகக் காட்டும் விண்டி தளத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். புயல் சின்னம் என்று செய்தி வந்த உடனே குடும்ப வாட்ஸப் குழுவில் விண்டியிலிருந்து எடுத்த படம் ஒன்று சுற்றத் தொடங்கும், வங்காள விரிகுடாவில் ஊதா நிறத்தில் ஒரு சுழல், "பார்த்தீர்களா, இதோ வருகிறது" என்று பெரியப்பா போட்டிருப்பார். அது நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் படமே இல்லை. வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரி (மாடல்) ஒன்று இப்படி நடக்கலாம் என்று கணித்தது. ராடாரில் தெரிவது இப்போது உள்ள மழை, விண்டியில் பெரும்பாலும் தெரிவது இனி வரப்போவதைப் பற்றிய ஊகம். அந்த ஊகமும் ஒன்று அல்ல. வலது பக்கம் கீழே ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி, அமெரிக்க மாதிரி என்று மாற்றிப் பார்க்க வசதி இருக்கிறது. ஐரோப்பிய மாதிரி 9 கிலோமீட்டர் கட்டங்களாகவும் அமெரிக்க மாதிரி 22 கிலோமீட்டர் கட்டங்களாகவும் அங்கே காட்டப்படும். இரண்டும் ஒரே இடத்தில் கரையைக் கடக்கும் என்று சொன்னால் கொஞ்சம் நம்பலாம். ஒன்று கடலூர் என்றும் மற்றொன்று நெல்லூர் என்றும் சொன்னால், இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் பொருள். பெரியப்பாவிடம் இதை விளக்கப் போக வேண்டாம், அனுபவித்தவன் சொல்கிறேன்.

என் பிழைப்பு மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது. அதனால் நாள் முழுக்கத் திறந்தே கிடப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இருக்கும் தமிழ் அகராதிகள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட, பிற்காலத்தில் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த அந்தப் பேரகராதி முழுதும் அங்கே தேடும்படி இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். தமிழிலேயே தட்டித் தேடலாம். பக்கத்திலேயே வின்சுலோ, பப்ரிசியஸ் அகராதிகளும் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியும் உள்ளன.

பலர் அதில் தலைச்சொல்லை மட்டும் தேடிவிட்டுப் போய்விடுகிறார்கள். முழு உரையிலும் தேடு என்று ஒரு வசதி அங்கே உண்டு, அதைப் பயன்படுத்திப் பாருங்கள். இந்த அகராதி பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தருவதால், ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து முழு உரையில் தேடினால் அந்தப் பொருள் வரும் தமிழ்ச் சொற்கள் எல்லாம் வந்து விழும். படகின் பாகங்கள், மாட்டின் நிறங்கள், நெல் வகைகள் என்று ஏதாவது ஒன்றைத் தேடப் போனால் அரைமணி நேரம் காணாமல் போய்விடும், ஆனால் அது வீணாய்ப் போன அரைமணி நேரம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பொருளுக்குப் பக்கத்தில் எந்த நூலில் வருகிறது என்ற குறிப்பும் சுருக்கமாக இருக்கும், வட்டார வழக்கென்றால் அதுவும். குறை என்னவென்றால் 1930களோடு அந்த உலகம் முடிந்துவிடுகிறது. புதிய கலைச்சொல் வேண்டுமென்றால் தமிழ் விக்சனரிக்குப் போவேன், அல்லது தமிழக அரசின் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககம் நடத்தும் சொற்குவைக்கு. சொற்குவையில் சில சொற்கள் யாருமே வாயால் சொல்லிப் பார்க்காமல் உருவாக்கியவை போலத் தெரியும். இருந்தாலும் ஒரு தொடக்கத்துக்கு உதவும்.

அடுத்தது மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தரும் தளம். 1998 பொங்கல் அன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருக்கும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் சேர்த்த நூல்கள். அந்தக் காலத்தில் யூனிகோடு நம் கைக்கு வரவில்லை, ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் போட்டதையெல்லாம் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். பக்கத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான். அதுதான் எனக்கு வேண்டியதும். ஸ்கேன் செய்த பிடிஎப்-பில் ஒரு வரியைத் தேடிக் கண் கெட்டவர்களுக்குத் தெரியும் இதன் அருமை. யாரோ ஒரு கட்டுரையில் "சங்கப் பாடல் ஒன்றில் இப்படி வருகிறது" என்று அடித்துவிட்டிருந்தால், அந்த நூலின் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல் எஃப் போட்டால் நிமிடத்தில் வண்டவாளம் தெரிந்துவிடும். வாட்ஸப்பில் சுற்றும் போலித் திருக்குறள்களில் எத்தனை இப்படி அடிபட்டிருக்கின்றன!

நூலகம் தளத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் இன்னும் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஈழத்து எழுத்துகளை ஆவணப்படுத்த 2005-இல் தொடங்கியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இதன் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை. புத்தகம், பத்திரிகை மட்டும் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாறுவீர்கள், நல்ல விதமாக. பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்கங்களின் அறிக்கை, நான்கு இதழோடு நின்றுபோன சிற்றிதழ், ஒருவர் இறந்தபின் குடும்பத்தார் அச்சிட்டுக் கொடுத்த நினைவு மலர். எந்தப் பெரிய நூலகமும் அலமாரியில் இடம் கொடுக்காதவை இவை. ஒரு நினைவு மலரைத் திறந்தால் அதில் அந்த மனிதரின் ஊர், கல்வி, மலேயாவில் பார்த்த வேலை, யார் யார் மருமக்கள் என்று ஒரு ஊரின் பாதி வரலாறு இருக்கும். ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புதையல் இது, எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இதே மாதிரி ஒன்றை நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அரசியல் கூட்டத் துண்டறிக்கைகளுக்கும் யாராவது செய்தால் தேவலை.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அதைப் பழைய புத்தகம் இறக்கிக்கொள்ளும் இடமாக மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். எனக்கு அதில் பெரிது, பழைய வலைப்பக்கங்களின் நகலைச் சேர்த்து வைத்திருக்கும் வேபேக் மெஷின். 2000களில் தமிழில் வலைப்பதிவு எழுதியவர்களில் எவ்வளவோ பேருடைய முகவரிகள் இப்போது செத்துக் கிடக்கின்றன. டொமைனைப் புதுப்பிக்கவில்லை, அல்லது இலவசமாய் இடம் கொடுத்த நிறுவனமே கடையைக் கட்டிவிட்டது. அப்படி இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009-இல் யாஹூ மூடியபோது அதிலிருந்த தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்து போயின. பழைய சுட்டி ஒன்று கையில் இருந்தால் அதை வேபேக்கில் ஒட்டுங்கள், ஆண்டுவாரியாக நாட்காட்டி வரும், வட்டமிட்ட தேதி எதையாவது அழுத்தினால் பெரும்பாலும் எழுத்து வந்துவிடும், படம் வராது. முகப்பு வரவில்லை என்றால் தனிப் பதிவின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துகள் கிறுக்கலாக வந்தால் அது பழைய எழுத்துரு, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி மாதிரி ஒன்றில் ஒட்டினால் படிக்கிற தமிழாகிவிடும். 2024 அக்டோபரில் ஆர்க்கைவ் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் முடங்கியது நினைவிருக்கலாம். அந்த நாட்களில்தான் எத்தனை வேலைக்கு அதையே நம்பியிருக்கிறோம் என்று பலருக்கும் உறைத்தது. அது நன்கொடையில் ஓடுகிற அமைப்பு. நூலகமும் அப்படித்தான். மாதம் ஒரு ஓடிடிக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை இவர்களுக்கும் கொடுக்கலாம், சொல்லி வைத்தேன்.

சின்னச் சின்ன உபயோகத்துக்குச் சில உண்டு. ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க ரயில்வேயின் என்டிஇஎஸ் பக்கமே போதும், வண்டி எண்ணைப் போட்டால் கடைசியாகத் தாண்டிய நிலையமும் எத்தனை நிமிடத் தாமதம் என்பதும் வந்துவிடும். இதற்கென்று விளம்பரம் காட்டும் ஆப் எதற்கு? வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். கடை தேடுவதற்கு அது சரிப்படாது, ஆனால் கிராமத்து வாய்க்காலையும் குளத்தையும் ஒற்றையடிப் பாதையையும் அங்கே இருப்பவர்களே வரைந்து வைத்திருப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் இதன் மேல் செய்ததுதான். உங்கள் ஊர்க் குளத்துக்குப் பெயர் இல்லையென்றால் நீங்களே போட்டுவிடலாம். வேலை செய்யும்போது பின்னணியில் ரேடியோ கார்டன், உருண்டையைச் சுற்றிப் பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் வானொலி பாடும். யாழ்ப்பாணம், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று அலைந்துவிட்டுக் கடைசியில் எங்காவது தெரியாத மொழியில் வந்து நிற்பேன். வார்த்தை புரியாவிட்டால் வேலை நன்றாக ஓடுகிறது.

இவற்றைத் தாண்டி வேறெங்காவது போனால் நிம்மதியாகப் படிக்க முடியாது, ப்ரௌசரைச் சரிசெய்யாவிட்டால். தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றை விளம்பரத் தடுப்பான் இல்லாமல் திறந்து பாருங்கள், செய்தி நான்கு வரி, அதைச் சுற்றி ஆடுகிற பெட்டிகள் நாற்பது. நான் பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானை வைத்திருக்கிறேன். குரோம் தன் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) விதிகளை மாற்றியதால் அங்கே அதன் முழு வடிவம் இப்போது வேலை செய்வதில்லை, லைட் என்று ஒரு சுருக்கம்தான். பயர்பாக்ஸில் இன்னும் முழுதாக இருக்கிறது, ஆண்ட்ராய்டு போனிலும்கூட.

அப்புறம் ஆர்எஸ்எஸ், அதாவது ஒரு தளத்தில் புதிதாக வருவதை நம்மிடம் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஓடை. 2013 ஜூலையில் கூகுள் அதைப் படிக்க உதவிய ரீடர் சேவையை மூடியதோடு அது செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். இல்லை. பிளாக்ஸ்பாட்டும் வேர்ட்பிரஸ்ஸும் இன்றைக்கும் ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் தானாகவே ஓடையை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன, எழுதுகிறவருக்கே அது தெரியாது. பீட்லி மாதிரி ஒரு ரீடரில் வலைப்பதிவின் முகவரியைக் கொடுத்தால் போதும், ஓடையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அல்காரிதம் எதுவும் நடுவில் நிற்காது, எழுதிய வரிசையில் வரும், படித்து முடித்தால் பட்டியல் காலி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறவர்களைத் தொடர இதைவிட்டால் வேறு வழி கிடையாது, நல்லா எழுதுகிற பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் தொடரும் தமிழ்ப் பதிவுகளின் பட்டியலைப் பலர் கேட்டிருந்தீர்கள். அதில் பாதிப்பேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். களையெடுத்துவிட்டு அடுத்த வாரம் கோப்பாகவே போடுகிறேன், அப்படியே உங்கள் ரீடரில் ஏற்றிக்கொள்ளலாம்.